கண்புரை அகற்றிய பின்னும் பார்வை மங்கலா?

"கண்ணை வெட்டியும் என்ன பிரயோசனம்? அரிசியிலே கல்லுப் பொறுக்க முடியேல்லை." இப்படிச் சலித்துக்கொள்ளும் ஆச்சிமாரை நமது கிராமங்களில் காண்கிறோம். வீட்டாரும் 'வயதுபோன கண்தானே' என்று விட்டுவிடுகிறார்கள். அதைக் கேட்ட அயலவர் சத்திரசிகிச்சைக்குப் போகவே பயப்படுகிறார். ஆனால் பல வேளைகளில் பழுது சத்திரசிகிச்சையில் இல்லை. அதன்பின் பெறவேண்டிய மூக்குக்கண்ணாடியைப் பெறாததே காரணம்.

கண்ணினுள் இருக்கும் வில்லை மங்கிப்போவதே கண்புரை. அதை அகற்றிவிட்டுச் செயற்கை வில்லை ஒன்றை வைக்கிறார்கள். இம்முறையை 1949இல் லண்டனில் தொடக்கியவர் ஹரோல்ட் றிட்லி என்ற வைத்தியர்.

எந்த வலுவுள்ள வில்லையை வைப்பது? கண்ணின் நீளத்தையும், அதன் முன்புறத்திலுள்ள விழிவெண்படலத்தின் வளைவையும் அளந்து கணக்கிடுவார்கள். வளர்ந்தவரின் கண் ஏறத்தாழ 23 முதல் 24 மில்லிமீற்றர் நீளமானது. இந்த அளவில் 1 மில்லிமீற்றர் பிழைத்தால் வில்லையின் வலுவில் ஏறத்தாழ 2.5 டயொப்டர் பிழை வரும். அளவு சரியாக இருந்தாலும், வெட்டிய இடம் ஆறும்போது வளைவு சற்று மாறலாம். இதனால் சிறு குறை எஞ்சுவதுண்டு. மேலும், பொதுவாக வைக்கப்படும் வில்லை ஒரு தூரத்துக்கே தெளிவு தரும். தூரப் பார்வைக்கென வைத்தால், வாசிக்கவும் ஊசியில் நூல் கோக்கவும் கண்ணாடி வேண்டும். ஆச்சிக்குக் கல்லுத் தெரியாததும் இதனால் இருக்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் 1998இல் ஓர் அளவுகோலை வகுத்தது. சத்திரசிகிச்சை செய்த கண்களில் நூற்றுக்கு 80 ஆவது, நோயாளி வழக்கமாக அணியும் கண்ணாடியுடன் நல்ல பார்வை பெறவேண்டும். மிகப் பொருத்தமான கண்ணாடியுடன் 90 ஆவது பெறவேண்டும். சரியான கண்ணாடி எவ்வளவு முக்கியம் என்பதை இந்த வேறுபாடே காட்டுகிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தடித்த மட்டையில் ஊசியால் சிறு துளை இடுங்கள். மற்றக் கண்ணை மூடி, நல்ல வெளிச்சத்தில் துளையூடாகத் தூரத்திலுள்ள கலண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னதைவிட எழுத்துத் தெளிந்தால், கண்ணாடியால் திருத்தக்கூடிய குறை உண்டு. தெளியாவிட்டால் வேறு காரணம் இருக்கலாம். செயற்கை வில்லைக்குப் பின்னுள்ள மென்சவ்வு மங்கியிருந்தால் லேசர் சிகிச்சையால் சீராக்கலாம். நீரிழிவு விழித்திரையைத் தாக்கியிருக்கவும் கூடும். எதுவானாலும் கண் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

மனதிற் கொள்ளவேண்டியவை:

1. காயம் ஆறியபின், பொதுவாக 4 முதல் 6 கிழமைகளில், கண்ணாடிக்கான பரிசோதனை செய்விக்கவேண்டும்.

2. பழைய கண்ணாடியோ அயலவரின் கண்ணாடியோ பொருந்தும் என எண்ணவேண்டாம்.

3. கண்நோ, சிவப்பு, திடீர் மங்கல் ஏற்பட்டால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

சத்திரசிகிச்சைக்கு ஆச்சியைக் கைபிடித்துக் கூட்டிச்செல்ல ஒருவர் இருந்தார். கண்ணாடிக்காகவும் ஒருநாள் அவரை பஸ் ஏற்றிக் கூட்டிச்செல்வோம்.