எப்படி இயங்குகிறது? கெண்டைக்காலில் ஓர் அடிகுழாய்

லால்குடியிலிருந்து கப்பல் சுற்றுலா போகிறவரின் கால் படும் பாட்டைக் கொஞ்சம் வரிசைப்படுத்திப் பாருங்கள். முதலில் கார்டு லைன் ரயிலில் சென்னைக்குச் சுமார் ஐந்து மணி நேரம், காலைத் தொங்கவிட்டபடி. பிறகு துறைமுகத்தில் பெட்டி சோதனை, அடையாள அட்டை சோதனை என்று வரிசையில் நிற்பது. கப்பலில் ஏறியதும் அறையில் பையைப் போட்டுவிட்டு எல்லா மாடியையும் சுற்றிப் பார்த்தால்தான் மனசு அடங்கும். ராத்திரி செருப்பைக் கழற்றினால் வார் இருந்த இடம் பள்ளமாகப் பதிந்திருக்கும். கணுக்கால் எலும்பு எங்கே போனது என்று தெரியாது. பாதம் விண்விண் என்று தெறிக்கும். “கடல் காத்து ஒத்துக்கலை” என்று யாராவது சொல்வார்கள். பாவம், கடல் காற்று ஒன்றும் செய்யவில்லை.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பல் புறப்பட ஆரம்பித்த பிறகு, சொகுசுக் கப்பல் என்பது அறுபதாம் கல்யாணம் முடித்த நம்ம ஊர்த் தம்பதிகளுக்கும் எட்டுகிற ஆசையாகிவிட்டது. கப்பலின் நீளம் சுமார் 210 மீட்டர். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் ஏறக்குறைய 72 மீட்டர் உயரம். மூன்று ராஜகோபுரங்களைப் படுக்கவைத்தால் எவ்வளவு நீளமோ, அவ்வளவு. சாப்பிடும் இடம் ஒரு கோடி, படுக்கும் இடம் ஒரு கோடி என்று அமைந்துவிட்டால் நடைக்குப் பஞ்சமே இருக்காது. ஆனால் வலியில் பாதி, நடந்ததால் வருவதில்லை. உட்கார்ந்ததாலும் நின்றதாலும் வருகிறது. அது எப்படி என்று காலுக்குள் போய்ப் பார்த்துவிடுவோம்.

முதலில் ரத்தம் கீழே வரும் வழி. இதயம் தள்ளுகிறது, பாதம் கீழே இருக்கிறது, மேட்டுத் தொட்டியிலிருந்து குழாயில் தண்ணீர் இறங்குவது போல ரத்தம் இறங்கிவிடுகிறது. இதில் சிக்கல் இல்லை.

சிக்கல் திரும்பிப் போவதில்தான். பாதத்துக்கு வந்த ரத்தம் நெஞ்சு வரை நாலடி ஏற வேண்டும். இதயத்தின் தள்ளு இதற்குள் தீர்ந்து போயிருக்கும். அப்படியானால் மேலே ஏற்றுவது யார்? கெண்டைக்கால் சதை. தெருமுனை அடிகுழாயை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை அழுத்தினால் ஒரு குடங்கை தண்ணீர் வரும். விட்டுவிட்டு நின்றால் ஒரு சொட்டு வராது. அதேபோல, ஓர் எட்டு எடுத்து வைக்கும்போது கெண்டைக்கால் சதை இறுகுகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட ரத்தக் குழாயைப் பிழிகிறது. ரத்தம் ஒரு சாண் மேலே ஏறுகிறது. அடுத்த எட்டு, அடுத்த சாண்.

இந்த அடிகுழாய் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பி.பி. பார்த்துவிட்டு 120, 80 என்று சொல்கிறார்களே, அதே அளவுகோலில் பார்த்தால், ஆடாமல் அசையாமல் நிற்பவரின் கணுக்கால் அருகே ரத்தம் திரும்பும் குழாயில் அழுத்தம் சுமார் 90. அவரே பத்து எட்டு நடந்தால் அது முப்பதுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. எனவே காலுக்கு நடையைவிடக் கொடுமை, சும்மா நிற்பது. கோயில் தர்ம தரிசன வரிசையில் ஒரு மணி நேரம் நின்றவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சரி, ஏறிய ரத்தம் மறுபடி கீழே இறங்காதா? இறங்காது. குழாய்க்குள் வழியெங்கும் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. மேல்நோக்கி மட்டும் திறக்கும். கீழ்நோக்கி வந்தால் மூடிக்கொள்ளும். கிணற்று மோட்டாரில் உறிஞ்சு குழாயின் அடிக்கோடியில் மாட்டுகிற ஃபுட் வால்வு செய்கிற அதே வேலை. 1628-இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி, ரத்தம் உடம்பில் சுற்றி வருகிறது என்று வாதாடியபோது காட்டிய சாட்சிகளில் ஒன்று இந்த வால்வுகள்தான். ஒருவழிப் பாதை இருந்தால் ஓட்டமும் ஒரே திசையில்தானே இருக்க முடியும்.

வால்வு பழுதானால் என்ன ஆகும் என்பதற்கு வேறு ஊர் உதாரணம் தேட வேண்டாம். 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பு கொள்ளிடம் அணையில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தோடு போயின. ஒரு மதகு பெயர்ந்தால் பக்கத்து மதகின் மேல் பாரம் ஏறும். காலிலும் ஒரு வால்வு தளர்ந்தால், மேலிருந்து இறங்கும் ரத்தத்தின் எடை முழுக்க அதற்குக் கீழே உள்ள வால்வின் தலையில் விழுகிறது. அதுவும் தளர்கிறது. குழாய் உப்பிப் பச்சையாக நெளிகிறது. நம்ம பக்கம் நரம்பு சுருட்டல் என்று சொல்லும் வெரிகோஸ் வெயின் இதுதான். இது உள்ளவர்களுக்குக் கப்பல் பயணத்தில் மற்றவர்களைவிடச் சீக்கிரம் கால் கனக்கும்.

அடுத்து, வீக்கம். கால் தொங்கியபடி, கெண்டைக்கால் சும்மா இருந்தபடி ஒரு மணி, இரண்டு மணி நேரம் போனால், கீழே தேங்கிய ரத்தத்தின் அழுத்தத்தில் மெல்லிய குழாய்களின் சுவர் வழியே நீர் கசிகிறது. மண்பானை வெளியே வேர்ப்பது போலத்தான். பானையில் ஓட்டை இல்லை, ஆனாலும் நுண்துளை வழியே நீர் வெளியே வந்துவிடுகிறது. வெளியே வந்த நீரை அள்ளிக்கொண்டு போக நிணநீர்க் குழாய்கள் என்று ஒரு வடிகால் இருக்கிறது. அதையும் தள்ளுவதற்குச் சதை அசைய வேண்டும். அதனால் கசிவு கூடும் நேரத்தில் வடிகாலும் மந்தமாகிவிடுகிறது. கணுக்காலுக்கு மேலே எலும்பின் மேல் கட்டைவிரலைப் பத்து நொடி அழுத்தி எடுங்கள். இட்லி மாவில் விரல் வைத்த மாதிரி குழி நின்றால், கசிந்த நீர் அங்கே இருக்கிறது.

கப்பலில் இதற்கு இன்னும் மூன்று துணைகள் சேர்கின்றன. ஒன்று வெயில். உடம்பு சூட்டை வெளியேற்றத் தோலடிக் குழாய்கள் விரிகின்றன, கசிவு கூடுகிறது. இரண்டாவது உப்பு. மழைக்காலத்தில் உப்பு ஜாடி தானாக ஈரம் இழுத்துக்கொள்கிறதல்லவா, உடம்புக்குள் போன உப்பும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று வேளையும் வேண்டியதை எடுத்துக்கொள்ளும் கப்பல் சாப்பாட்டில் ஊறுகாய், சாஸ், சிப்ஸ், சூப் என்று போனால் அதை மத்தியானத்துக்குள்ளேயே தாண்டிவிடலாம். மூன்றாவது மாத்திரை. ரத்தக் கொதிப்புக்கு நம் வீடுகளில் சர்வ சாதாரணமாகப் போடும் அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். அதற்காகப் பயணத்தில் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது கனமும் வீக்கமும். பாதம் எரிவதும் குதிகால் குத்துவதும் வேறு கதை. சுமை தூக்குகிறவர் தலைக்கும் கூடைக்கும் நடுவே சும்மாடு வைக்கிறாரே, அதுபோல நம் குதிகால் எலும்புக்கு அடியில் ஒரு கொழுப்புச் சும்மாடு இருக்கிறது. வயதாக ஆக அது மெலியும். குதிகாலிலிருந்து விரல்கள் வரை இழுத்துக் கட்டிய ஒரு பட்டை, பாதத்தின் வளைவைத் தாங்குகிறது; கயிற்றுக் கட்டிலின் கயிறு மாதிரி. வழக்கமில்லாத நடை நடந்தால் அந்தப் பட்டை நொந்துபோகிறது. காலையில் எழுந்து முதல் எட்டு வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துவது அதனால்தான். 2023 ஜூனில் ‘எம்ப்ரஸ்’ கப்பல் இலங்கைக்கும் போனது, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று. திருகோணமலையில் இறங்குகிற தமிழர் கோணேஸ்வரம் போகாமல் இருப்பாரா? பாறை மேல் கோயில், செருப்பு இல்லாத கால், வெயிலில் காய்ந்த கல். அன்றைக்கு ராத்திரி சும்மாடும் கயிறும் சேர்ந்து பேசும்.

இப்போது வைத்தியம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டதால் இது சுலபம்.

முதல் வேலை ரயிலிலேயே தொடங்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை, தையல் மெஷின் மிதிப்பது போலக் குதிகாலைத் தூக்கி, இறக்கி, பிறகு விரல்களைத் தூக்கி, இறக்கி, இருபது முப்பது தடவை மிதியுங்கள். அடிகுழாய் ஓட ஆரம்பித்துவிடும். பக்கத்து சீட்டுக்காரர் பார்த்தால் பார்க்கட்டும். மணிக்கு ஒரு முறை எழுந்து பெட்டியின் கோடி வரை போய் வாருங்கள். கப்பலில் லிஃப்ட்டுக்குக் காத்து நிற்பதைவிட, முட்டி இடம் கொடுத்தால், ஒரு மாடி ஏறிவிடுவது காலுக்கு நல்லது.

பிறகு, அறைக்கு வந்ததும் படுத்துக்கொண்டு காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வையுங்கள். தலையணை இரண்டு போதவில்லையென்றால் துணிப் பையை அடியில் கொடுங்கள். வெறும் ஸ்டூலில் காலை நீட்டுவது பாதி வைத்தியம்தான். பாதம் இன்னும் நெஞ்சுக்குக் கீழேதான் இருக்கிறது. நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்தால், மேட்டுக்கு ஏற்ற வேண்டிய ரத்தம் தானாகச் சரிவில் ஓடுகிறது. கால் மணி நேரத்தில் கனம் குறைவது தெரியும்.

அடுத்தது எனக்குப் பிடித்த வைத்தியம், தண்ணீர். நம்ம பக்கத்துப் பெருவளை வாய்க்காலில் தண்ணீர் ஓடும் நாளில் வயல் வேலை முடித்தவர்கள் இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஏறுவார்கள். குளிர்ச்சிக்காக மட்டும் என்று நினைக்கிறோம். தண்ணீருக்கு எடை உண்டு. அது காலைச் சுற்றிலும் அழுத்துகிறது. ஓரடி ஆழத் தண்ணீர் அடிப்பாதத்தில் கொடுக்கும் அழுத்தம், அதே பி.பி. அளவுகோலில், சுமார் 22. கடையில் விற்கும் லேசான அழுத்தக் காலுறை கணுக்காலில் கொடுப்பது 15 முதல் 20. நாலடி ஆழத்தில் நின்றால் பாதத்தில் அழுத்தம் கிட்டத்தட்ட 90. நிற்கும்போது குழாய்க்குள் ஏறுகிற அந்த 90-க்கு எதிராக வெளியிலிருந்து ஒரு 90. கசிவு நிற்கிறது, கசிந்ததும் உள்ளே திரும்புகிறது. எனவே கப்பலில் நீச்சல் குளம் இருந்தால், நீந்தத் தெரியாவிட்டாலும், கம்பியைப் பிடித்துக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் கால் மணி நேரம் நடை போடுங்கள். இதய நோய் உள்ளவர்கள் மட்டும் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும்.

குளம் வேண்டாமென்றால் குளியலறைக் குழாயடியில் காலைக் காட்டலாம். வீங்கிய காலுக்குக் குளிர்ந்த நீர், இறுகிய சதைக்கு வெதுவெதுப்பான நீர். கல்லுப்பு போடலாமா என்று கேட்பார்கள். போடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் வேலை செய்வது தண்ணீர்தான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெந்நீரில் காலை வைப்பதற்கு முன் முழங்கையை விட்டுச் சூடு பார்க்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தால் கொப்புளம் வரும் வரை சூடே தெரியாது. வெறுங்காலோடு சுடுகல்லில் நடந்து வந்த அன்றும் பாதத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

குதிகால் வலிக்கு, குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைத் தரையில் போட்டு உள்ளங்காலால் உருட்டுங்கள். நல்லெண்ணெய் தேய்ப்பதானால் கணுக்காலிலிருந்து முட்டியை நோக்கி மேலே மேலே தேய்க்கச் சொல்லுங்கள். கீழே தேய்ப்பது வாய்க்காலில் எதிர்த் திசையில் தள்ளுகிற வேலை. அழுத்தக் காலுறை போடுகிறவர்கள், வீக்கம் ஏறுவதற்கு முன்பே, காலையில் எழுந்ததும் போட்டுக்கொள்ள வேண்டும். காலுக்கு ரத்தம் இறங்குவதிலேயே அடைப்பு உள்ளவர்கள் டாக்டர் சொல்லாமல் போடக் கூடாது. இன்னொன்று, பயணத்துக்கென்று புதுச் செருப்பு வாங்கி முதல் தடவையாகக் கப்பலில் போடும் நம் வழக்கத்தைப் போல ஒரு வீண் வேலை கிடையாது. வாங்குவதானால் ஒரு மாதம் முன்பே, சாயங்காலத்தில், கால் கொஞ்சம் உப்பியிருக்கும்போது போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. மேலே சொன்னதெல்லாம் இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கி, விடிந்தால் வற்றிவிடும் வீக்கத்துக்கு. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாக, சிவந்து, அழுத்தினால் வலித்தால் அது உள்குழாயில் ரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து போகும் பயணம், ரயிலோ பஸ்ஸோ விமானமோ, இந்த அபாயத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் சொன்னது. ஆரோக்கியமானவர்களுக்கு அப்போதும் அது சுமார் 6000 பேரில் ஒருவருக்குத்தான், பயப்பட வேண்டாம். ஆனால் அந்தக் காலை நீவிவிடாதீர்கள், எண்ணெய் தேய்க்காதீர்கள். உடனே கப்பல் மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே எழுப்புங்கள்.