முன்சீப் மகனும் குயவர் மகனும்

ஓசூரிலுள்ள டைட்டன் ஆலையில் ஒரு கைக்கடிகாரம் உருவாவதைச் சிந்தித்துப் பாருங்கள். அதன் அளவு, அமைப்பு, பயன் ஆகிய யாவும் முன்னதாகவே வரையறுக்கப்படுகின்றன. பொருள் பிறகுதான் பிறக்கிறது. மனிதனும் இவ்வாறு முன்கூட்டி வரையப்பட்டவன்தானா? நமது தேசத்தில் ஜாதியின் பெயராலும் குலத்தொழிலின் பெயராலும் நெடுங்காலம் ‘ஆம்’ என்றே விடை கூறப்பட்டு வந்தது.

1945-ம் வருஷம் அக்டோபர் 29-ந் தேதி பாரிஸ் நகரில், ழான் பால் சார்த்தர் என்ற பிரெஞ்சு அறிஞர் இருத்தலியம் என்னும் கொள்கையை விளக்கிப் பிரசங்கம் செய்தார். காகிதம் வெட்டும் கத்தியை அவர் உவமை காட்டினார். கத்திக்கு இயல்பு முந்தியது, இருப்பு பிந்தியது. மனிதனுக்கோ இருப்பே முந்தியது, தன் இயல்பை அவன் தன் செயல்களால் ஆக்கிக்கொள்கிறான் என்பது அவர் துணிபு. தனக்கென ஒரு வழியைத் தேர்ந்துகொள்பவன், மனித குலம் முழுவதற்குமே அவ்வழியைத் தேர்ந்தவனாகிறான் என்றும் அவர் வற்புறுத்தினார்.

இக்கொள்கையை உரைத்துப் பார்க்க நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. ஓசூரையடுத்த தொரப்பள்ளியே போதும். 1878-ல் அங்கே கிராம முன்சீப்பின் மகனாகப் பிறந்த ராஜாஜி, தந்தையின் உத்தியோகத்தோடு நின்றுவிடவில்லை. ஓசூரிலும் பெங்களூரிலும் சென்னையிலும் கற்று, 1900-ல் சேலத்தில் வக்கீலானார். பொருளீட்டித் தந்த அத்தொழிலையும் காந்தியடிகளின் வழி நின்று துறந்தார். 1930-ல் வேதாரணியத்தில் உப்புச் சத்தியாக்கிரகம் நடத்திச் சிறை புகுந்தார். 1942-ல் கருத்து வேற்றுமையால் காங்கிரஸை விட்டு விலகவும் அவர் அஞ்சவில்லை. 1948-ல் கவர்னர் ஜெனரலானார். பிறந்த குலமும் பெற்ற கல்வியும் அவருக்குக் கதவைத் திறந்தன என்பது மெய்யே. ஆயினும் அதன் வழியே எத்திசையில் நடப்பது என்று தீர்மானித்தவர் அவரே.

அத்தகைய ராஜாஜியே முதன்மந்திரியாயிருந்து, 1953-ல் கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொணர்ந்தார். ஒரு வேளை படிப்பு. மறு வேளை பெற்றோரின் தொழிலில் பயிற்சி. பள்ளிகள் போதாத நிலையில் மேலும் பல குழந்தைகளைச் சேர்க்கலாம், கைத்தொழிலுக்கும் மதிப்பு உண்டாகும் என்பது அவர் தரப்பு நியாயம். அவருடைய எண்ணத்தை நாம் பழிக்கவில்லை. ஆனால் பெரியார் முதலியோர் அதனைக் குலக்கல்வி என்று கண்டித்தனர். காங்கிரஸுக்குள்ளேயும் எதிர்ப்பு மூண்டது. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

கைவிட்டது நன்றே என்பது நமது கருத்து. முன்சீப் மகன் பாதி நாள் முன்சீப் வேலையே பழகவேண்டும் என்று எவரேனும் விதித்திருந்தால், தேசம் ஒரு ராஜாஜியைக் கண்டிருக்குமா? குயவர் மகனுக்கும் வண்ணார் மகளுக்கும் அதே நீதிதானே? தமக்கெனத் தேர்ந்த சுதந்திரத்தைப் பிறர் பிள்ளைகளுக்கும் அவர் தேர்ந்திருக்க வேண்டும். பாரிஸ் அறிஞர் கூறிய பொறுப்பும் இதுவேயன்றோ?

தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் ஓசூர்ச் சீமையில், கேழ்வரகு விதைத்தவர்களின் மக்கள் இன்று ஆலைகளில் இயந்திரங்களை இயக்குகிறார்கள். குலத்தொழில் தளர்ந்துவிட்டது, குலத்தைக் கேட்கும் வழக்கம் தளரவில்லை. ஊர்தோறும் பணியாற்றும் அன்பர்களுக்கு நாம் சொல்வது ஒன்று. ஒரு சிறுவனைக் கண்டால், ‘உன் தகப்பன் யார்?’ என்று கேளாதீர்கள். ‘நீ என்ன செய்ய விரும்புகிறாய்?’ என்று கேளுங்கள். அவன் விடை தேடுவதற்கு முழுநாள் பள்ளிக்கூடம் ஒன்று அவ்வூரில் ஒழுங்காக நடக்கிறதா என்பதையும் பார்த்து வாருங்கள்.