துப்பறியும் நாவல் முடிவு செய்த கூரை உயரம்! தெரியுமா?

உங்கள் வீட்டுக் கூரை எவ்வளவு உயரம் என்று யார் முடிவு செய்தது? கொத்தனாரா? இன்ஜினீயரா? பிரான்ஸின் மார்செய் நகரில் 337 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அதை முடிவு செய்தவர் ஒரு போலீஸ்காரர்! அதுவும் கதையில் வரும் போலீஸ்காரர்!

மனித உடம்பின் அளவை வைத்தே கட்டடம் எழ வேண்டும் என்று ‘மாடுலர்’ என்றொரு கணக்குப் போட்டார் அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே. முதலில் ஆள் உயரம் 175 செ.மீ. என்று வைத்துக்கொண்டார். கணக்கு உதைத்தது! ஆங்கிலத் துப்பறியும் நாவல்களில் வரும் லட்சணமான போலீஸ்காரர்கள் எல்லாரும் ஆறடி உயரம்தானே என்று உதவியாளர் ஒருவர் எடுத்துக் கொடுக்க, 175 என்பது 183 ஆனது. அந்த ஆறடி ஆள் கையைத் தூக்கினால் 226 செ.மீ. அதுதான் கூரை! 1952-ல் அந்தக் கட்டடம் முடிந்தது. அதே அளவுகோலோடுதான் சண்டிகரை வடிவமைக்கவும் வந்தார் மனிதர். நம்மூர் ஆட்களின் உயரத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது!

அருவியைப் பார்த்தபடி ஒரு வீடு கேட்டார் எட்கர் கவுஃப்மன். பிட்ஸ்பர்க்கில் பெரிய கடை வைத்திருந்த பணக்காரர். கிடைத்தது என்ன தெரியுமா? அருவியின் தலைமேலேயே வீடு! உள்ளே உட்கார்ந்தால் அருவியின் சத்தம்தான் கேட்கும். பார்க்க வேண்டுமா? வெளியே இறங்கி வர வேண்டும்!

வரைந்த கதை அதைவிட வேடிக்கை. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் மாதக்கணக்கில் ஒரு கோடுகூடப் போடவில்லை. 1935-ல் ஒருநாள், ‘கிளம்பி வந்துகொண்டிருக்கிறேன்’ என்று கவுஃப்மனிடமிருந்து போன்! அவர் வந்து சேர்வதற்குள், சுமார் இரண்டே மணி நேரத்தில், முழு வீட்டையும் வரைந்து தள்ளினார் என்று ரைட்டின் சீடர்கள் சொல்லியிருக்கிறார்கள். தேர்வுக்கு முதல்நாள் இரவு புத்தகத்தைத் திறப்பவர்களுக்கு இது நல்ல செய்தி!

35 ஆயிரம் டாலர் என்று பேசிய வீடு, 1,55,000 டாலரில் வந்து நின்றது. ஒழுகியதா? ஒழுகியது! ‘ஏழு வாளி வீடு’ என்று வீட்டுக்காரரே பட்டப்பெயர் வைத்துவிட்டார். அந்தரத்தில் நீளும் மாடமோ 7 அங்குலம் வரை தொங்கிப்போய்விட்டது! 2002-ல் இரும்புக் கம்பிவடங்களை உள்ளே ஓட்டி இறுக்கிப் பிடித்தார்கள். ஏழு வாளி, ஏழு அங்குலம்... இன்று அது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்!

மாடி முழுக்கச் சுவரே இல்லாத வீடு தெரியுமா? நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரில், 1924-ல் எழுந்தது. மூன்று குழந்தைகளின் தாய் ட்ரூஸ் ஷ்ரோடர் கேட்டபடி கட்டிக் கொடுத்தவர் ஹெரிட் ரீட்வெல்ட். மரச்சாமான் செய்து பழகிய கை! பகலில் ஒரே கூடம். இரவில் தடுப்புகளை இழுத்தால் தனித்தனி அறைகள்! மூலை ஜன்னலைத் திறந்தால் வீட்டின் மூலையே காணாமல் போகும்! நகராட்சி விதி இதையெல்லாம் எப்படி ஒப்புக்கொண்டது? வரைபடத்தில் மாடியைப் ‘பரண்’ என்று காட்டிவிட்டார்கள்! அந்தப் ‘பரணில்’ ட்ரூஸ் அம்மையார் 1985-ல் கண்மூடும் வரை அறுபது ஆண்டுகள் வாழ்ந்தார்.

மேடை, அலமாரி, இழுப்பறை எல்லாம் அளவெடுத்துப் பொருத்திய சமையலறைக்குத் தாய்வீடு எது தெரியுமா? 1926-ல் வந்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், அவ்வளவுதான்! ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை அடி நடக்கிறோம், எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்துக் கணக்குப் பார்த்தார் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. மாவுக்கு ஓக் மர இழுப்பறை, புழு வராதாம்! அலமாரிக்கு நீலம், ஈ உட்காராதாம்! சுமார் 10,000 வீடுகளில் பொருத்தினார்கள். இத்தனையும் செய்தவர், அதுவரை தான் சமைத்ததே இல்லை என்று பிற்பாடு சொன்னாரே, அதுதான் உச்சம்! நாஜிகளை எதிர்த்துச் சிறைக்குப் போன இவர், 103-ஐத் தொட ஐந்தே நாள் இருக்கும்போது காலமானார்.

6 மரத்துண்டு, 10 திருகாணி, 2 நட்டு. என்ன சாமான் இது? 1859-ல் வந்த தோனெட் 14-ஆம் எண் நாற்காலி! மரத்தை நீராவியில் இளக்கி வளைத்தது. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள்! 1930-க்குள் 5 கோடி விற்றுத் தீர்ந்தன. நம் கல்யாண மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் இளைத்ததா? ஒன்று வார்க்க ஒரு நிமிஷம் போதும். சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரம், பொது இடத்தில் இதைப் போடக்கூடாது என்று தடையே விதித்திருந்தது!

டோக்கியோவில் 140 வீடுகளை போல்ட் போட்டு மாட்டி வைத்திருந்தார்கள் தெரியுமா? ஒரு பெட்டிக்கு நாலே நாலு போல்ட்! அளவு 2.5-க்கு 4 மீட்டர். கிஷோ குரோகாவா 1972-ல் கட்டிய நாககின் கோபுரம் அது. 25 ஆண்டுக்கு ஒருமுறை பெட்டியைக் கழற்றிப் புதுசு மாட்டுவதாகத் திட்டம். ஒன்றைக்கூட மாற்றவில்லை! 2022-ல் கோபுரத்தையே பிரித்தார்கள். 23 பெட்டிகள் பிழைத்தன.

சரி, நம் பக்கம் வருவோம். புதுச்சேரியில் ‘கோல்கொண்டா’ என்ற கட்டடம் உண்டு. அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதி. 1930-களின் பிற்பகுதியிலேயே கான்கிரீட்டில் எழத் தொடங்கிவிட்டது! வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதிலாகத் திறந்து மூடும் பலகைகள், உள்ளே காற்று புகத் தேக்குச் சட்டக் கதவுகள், கூரைக்கு மேல் இன்னொரு வளைகூரை. ஏ.சி.யே வேண்டாம்! ஹைதராபாத் நிஜாமின் திவான் அக்பர் ஹைதரி கொடுத்த நன்கொடை என்பதால் கோல்கொண்டா என்று பெயர்.

வரைந்தவர் செக் நாட்டில் பிறந்த ஆன்டனின் ரேமண்ட். இங்கேயே தங்கி வேலையைப் பார்த்தவர்களில் ஒருவர், அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஜார்ஜ் நகாஷிமா. வந்த இடத்தில் சீடராகி, ‘சுந்தரானந்தா’ என்ற பெயரும் பெற்றுவிட்டார்! பிறகு அமெரிக்கா திரும்பினார். இரண்டாம் உலகப் போர் வந்தது. ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகச் சொந்த நாடே அவரை முகாமில் அடைத்தது. அங்கே ஒரு ஜப்பானியத் தச்சரிடம் இழைப்புளி பிடிக்கக் கற்றார். முகாமிலிருந்து வெளியே வரக் கைகொடுத்தவர் யார் தெரியுமா? அதே ரேமண்ட்! பிற்காலத்தில் ராக்ஃபெல்லர் வீட்டுக்கு 200 மரச்சாமான்கள் செய்யும் அளவுக்கு உயர்ந்தார் நம் சுந்தரானந்தா!

வாடகை வீட்டில் ஆணி அடித்தாலே வீட்டுக்காரர் முறைப்பார், இல்லையா? வியன்னாவின் ‘ஹுண்டர்ட்வாசர் வீடு’ என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் கதையே வேறு. ஜன்னல் வழியே கை நீட்டினால் எட்டும் தூரம்வரை வெளிச்சுவரில் எந்த வண்ணமும் பூசிக்கொள்வது குடியிருப்பவரின் உரிமை! தரைகூடச் சமமில்லை, மேடும் பள்ளமுமாக இருக்கும்!

கடைசியாக ஒன்று. நாற்காலிகளுக்குப் பேர்போன அமெரிக்கத் தம்பதி சார்லஸ், ரே ஈம்ஸ். இந்திய அரசு அழைத்து, நாடு முழுக்கச் சுற்றி, 1958-ல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதையொட்டித்தான் 1961-ல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. இங்கே பார்த்த பொருள்களில் அவர்கள் சொக்கிப்போனது எதில் தெரியுமா? சொம்பில்! பிடிக்க வாகாக இருக்கிறதா, கண்ணை மூடித் தொட்டால் எப்படி, கல்மேல் வைத்தால் என்ன சத்தம், வெயில் பட்டால் எப்படி மின்னும் என்று கேள்விமேல் கேள்வி கேட்டு எழுதித் தள்ளினார்கள். வடிவமைத்தவர் பெயர்? தனி ஒரு ஆளால் இதை வடிவமைத்திருக்கவே முடியாது என்று ஒதுங்கிக்கொண்டார்கள்!