மனப்புண்ணுக்கு மருந்துச் செலவு

புண்ணின் இயல்பு

வழிப்பறிக்காரனின் கத்தி கீறிய கைக்குத் தையல் போட்டு, புண் ஆறியதும் அதைப் பிரித்து, குணமாயிற்று என்று சீட்டு எழுதி அனுப்பிவிடுகிற நம் ஆஸ்பத்திரிகளில், அந்தக் கைக்கு உரியவர் அதன் பின்னரும் பல மாதங்கள் அந்தி சாய்ந்தால் வாசற்படி தாண்ட அஞ்சுவதையும், அருகில் வரும் மோட்டார் சைக்கிள் சற்று வேகம் குறைந்தாலே நெஞ்சு படபடத்து வியர்ப்பதையும், உறக்கத்தில் அதே முகத்தைக் கண்டு அலறி எழுவதையும் கேட்டுக் குறித்துக்கொள்வோர் அரிது. இவை கோழைத்தனத்தின் லக்ஷணங்கள் அல்ல. பேரதிர்ச்சிக்கு ஆளான மனம் சில வாரங்கள் இவ்வாறு தத்தளிப்பது சுபாவமே. பெரும்பாலோருக்குச் சுற்றத்தாரின் ஆதரவிலேயே அது தணிந்துவிடும். ஒரு மாதம் கடந்தும் தணியாமல், உத்தியோகத்தையும் குடும்ப வாழ்வையும் குலைக்குமானால், அதற்குச் சிகிச்சை அவசியம்.

அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய் என்று வழங்கப்படும் இதற்கு, நடந்ததை நினைக்கவே நடுங்குபவரைப் பயிற்சி பெற்ற நிபுணர் ஒருவர் உடனிருந்து படிப்படியாக அந்த நினைவை எதிர்கொள்ளப் பழக்கும் பேச்சுமுறைச் சிகிச்சையே பிரதானமானது. சாதாரணமாக எட்டு முதல் பன்னிரண்டு அமர்வுகள் ஆகலாம். பலகாலம் கொடுமைக்கு உட்பட்டவர்களுக்கு இன்னும் கூடுதலாகும். தூக்க மாத்திரையைக் கொடுத்துப் படுக்க வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள், சம்பவத்தை அடுத்த முதல் மாதத்தில் இக்குறிகளைத் தணிப்பதற்கென்று பென்சோடையசெபைன் வகை மருந்துகளைக் கொடுக்கலாகாது என உலக சுகாதார ஸ்தாபனம் 2013-இல் அறிவுறுத்தியிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

சட்டம் ஒப்புக்கொண்டது

குற்றவாளியைத் தண்டிப்பதோடு சர்க்காரின் கடமை தீர்ந்தது என்று நெடுங்காலம் கருதிவந்த நம் தேசத்தில், 2008-இன் திருத்தத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, பாதிக்கப்பட்டோருக்கு நஷ்டஈடு வழங்க ஒவ்வொரு மாநிலமும் திட்டம் வகுக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 396-ஆம் பிரிவாக விளங்குகிறது. குற்றம் செய்தவன் இன்னான் என்று கண்டுபிடிக்கப்படாவிட்டாலும் பாதிக்கப்பட்டவர் விண்ணப்பிக்கலாம் என்பதே இதன் சிறப்பு.

தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கென 2018-இல் வகுத்த திட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. நஷ்டஈட்டை நிர்ணயிக்கும்போது மனநலச் சிகிச்சைக்கும் ஆலோசனைக்கும் ஆன செலவையும், இனி ஆகக்கூடிய செலவையும் கருத வேண்டும் என்று அது கூறுகிறது. மறுவாழ்வு தேவைப்படும் மனப் பாதிப்புக்கு ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை என்று அட்டவணையில் தொகையும் குறிக்கிறது. குழந்தைகள் விஷயத்தில், பாலியல் குற்றங்களிலிருந்து அவர்களைக் காக்கும் 2012-இன் போக்சோ சட்டம், உடலுக்கும் மனத்துக்கும் நேர்ந்த அதிர்ச்சிக்காக ஈட்டுத்தொகை வழங்கச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளித்திருக்கிறது.

தொகையும் தவணையும்

ஆயினும் எழுத்தில் உள்ள இந்தத் தாராளம் நோயாளியின் வாசலுக்கு வரும்போது சுருங்கிப்போவதற்குக் காரணம், பணத்தின் போக்கும் நோயின் போக்கும் ஒத்துப்போகாததே என்பது என் துணிபு. மனப்புண்ணுக்கு வேண்டியது வாரந்தோறும் ஒரு மணி நேரம். அந்த மணி நேரத்துக்கு நிபுணரின் கட்டணம், நகரத்துக்குப் போய்வரும் பஸ் சத்தம், அன்றைக்கு இழந்த கூலி, உடன் வருபவரின் கூலி எல்லாம் சில்லறையாக, விடாமல், மாதக்கணக்கில் ஆகின்றன. நஷ்டஈடோ மனு, விசாரணை, அறிக்கை, உத்தரவு என்ற படிகளையெல்லாம் ஏறி இறங்கி, மொத்தமாக ஒருநாள் வருகிறது. அதிலும் மேற்சொன்ன பெண்களுக்கான திட்டத்தில், நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு குறைந்தபட்சம் மூன்று ஆண்டுகளுக்கு வங்கி வைப்பில் போய்விட, கையில் கிடைப்பது கால் பங்கே. பணத்தைப் பிறர் பறித்துக்கொள்ளாமல் காக்கும் நல்லெண்ணம் அதில் இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கால் பங்கு வாடகைக்கும் கடனுக்கும் போன பிறகு, கண்ணுக்குத் தெரியாத நோய்க்கு யார் செலவழிப்பார்கள்?

ஆதலால், நஷ்டஈட்டில் ஒரு பாகமாக அல்லாமல், மனநலச் சிகிச்சைக்கென்றே தனி நிதி ஒதுக்கி, சட்டப் பணிகள் ஆணைக்குழுவே நிபுணருக்கு அமர்வுக்கு அமர்வு நேராகச் செலுத்தும் ஏற்பாடு வேண்டும். பெண்களின் பாதுகாப்புக்கென 2013-இல் ஆயிரம் கோடி ரூபாயில் தொடங்கிய நிர்பயா நிதியின் ஆதரவில் நடக்கும் ஒருங்கிணைந்த சேவை மையங்களில் பெண்களுக்கு ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. கொலையுண்டவனின் தகப்பனாருக்கும், கொள்ளையில் அடிபட்ட கடைக்காரருக்கும் அப்படி ஓர் இடம் இல்லை.

அமெரிக்காவின் அனுபவம்

அப்படித் தனி நிதி ஏற்படுத்தினாலும் அது எங்கிருந்து ஊறுகிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்கா 1984-இல் ஏற்படுத்திய குற்றப் பாதிப்பாளர் நிதி, வரிப்பணத்தால் அன்றி, மத்திய நீதிமன்றங்களில் குற்றவாளிகள் கட்டும் அபராதத்தால் நிரம்புவது. பெருங்கம்பெனிகளோடு வழக்குத் தொடராமலே சமரசம் செய்துகொள்ளும் வழக்கம் பெருகியபோது, அந்தப் பணம் பொதுக் கஜானாவுக்குப் போயிற்று, நிதி வற்றியது. 2021 ஜூலையில் சட்டத்தைத் திருத்தி அதையும் இந்நிதிக்கே திருப்பிவிட்டார்கள்.

விண்ணப்பிப்போர் கவனத்துக்கு

மனு கொடுக்க வேண்டிய இடம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு; அது பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இடைக்கால உதவியும் கேட்கலாம். தூக்கமின்மையையும் பயத்தையும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவற்றைச் சீட்டில் எழுதித் தரும்படி கேட்டுக்கொள்வதும், மனநலச் சிகிச்சையின் ரசீதுகளைப் பத்திரப்படுத்துவதும், ஆணைக்குழுவின் முன் அந்தச் செலவை நிரூபிக்கப் பயன்படும். வைப்பில் உள்ள பணத்தையும் மருத்துவம் போன்ற அவசரத் தேவைக்கு முன்னதாகவே விடுவிக்க ஆணைக்குழுவுக்கு அதிகாரம் உண்டு. அதற்குத் தனியே ஒரு மனு எழுத வேண்டும். இவையெல்லாம் கைகூடும்வரை, மனநல ஆலோசனைக்கான டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். அதற்கு வழக்கு எண்ணோ முதல் தகவல் அறிக்கையோ வேண்டியதில்லை.