பாட்டனார் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

குடும்ப வரலாறு தேடித்தரும் இணையத்தளங்களின் விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது ஓர் எண். எங்களிடம் இத்தனை நூறு கோடிப் பதிவுகள் இருக்கின்றன, உங்கள் பாட்டன் பூட்டன் பெயரும் அதற்குள் எங்கோ இருக்கிறது என்று ஆசை காட்டுகிறது அந்த விளம்பரம். ஆன்செஸ்ட்ரி, மைஹெரிடேஜ், ஃபைண்ட்மைபாஸ்ட் மூன்றும் சந்தா கட்டிப் பார்க்கும் தளங்கள், ஃபேமிலிசர்ச் இலவசம். டர்பனிலும் டொரண்டோவிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும், வேர் தேடும் ஆர்வம் வந்துவிட்ட சென்னைவாசிக்கும் எழும் கேள்வி ஒன்றுதான்: இவற்றில் எதற்குப் பணம் கட்டுவது? எந்தத் தளத்தில் பதிவுகள் அதிகம் என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. நம் முன்னோரின் பெயரை அவர் காலத்தில் யார், எதற்காக எழுதி வைத்தார்கள் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். கப்பல் குமாஸ்தாவா, பாதிரியாரா, நிலவரித் திட்ட அலுவலரா, தோட்டத்துக் கணக்குப்பிள்ளையா? எழுதியவர் யாரென்று தெரிந்தால் பதிவேடு எங்கே இருக்கும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அது கட்டணத் தளத்துக்குள் இருந்தால் மட்டும் சந்தா கட்டலாம். பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களுக்கு அது அங்கே இல்லை.

இதில் சதி ஒன்றும் இல்லை. இந்தத் தளங்கள் யாரை நம்பி வளர்ந்தன என்பதைப் பார்த்தால் போதும். ஆன்செஸ்ட்ரி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1983-இல் ஒரு பதிப்பகமாகத் தொடங்கியது. அதன் மூலதனமே அமெரிக்க, பிரிட்டிஷ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகள்தான். இங்கிலாந்தில் 1841 முதல் 1921 வரை எடுத்த கணக்கெடுப்புகளில் வீடு வீடாக, ஆள் ஆளாகப் பெயர் எழுதிய தாள்கள் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவில் 72 ஆண்டுகள் கழிந்ததும் அந்நாட்டுத் தாள்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். எனவே யார்க்‌ஷயர் நெசவாளி ஒருவரைப் பத்தாண்டுக்கு ஒருமுறை பிடித்துவிடலாம்: எந்தத் தெரு, எத்தனை பிள்ளைகள், என்ன தொழில் என்பதெல்லாம் கிடைக்கும். இந்தியாவிலும் 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்தார்கள். ஆனால் கூட்டிக் கழித்து அட்டவணை போட்ட பிறகு வீட்டுத் தாள்களைப் பாதுகாக்கவில்லை. விடுதலைக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, தனிநபர் விவரத் தாள்களை யாரும் பார்வையிட முடியாதபடி பூட்டிவிட்டது. ஆக, பலரும் எதற்காகச் சந்தா கட்டுகிறார்களோ அந்தச் சரக்கு தஞ்சாவூர்க் குடும்பத்துக்கோ நெல்லைக் குடும்பத்துக்கோ இல்லவே இல்லை.

சென்னை மாகாணத்தில் பெயரோடு எழுதப்பட்டவர்கள் யார்? முதலில், ஐரோப்பியர்களும் ஆங்கிலோ-இந்தியர்களும். சென்னையில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, 1698 முதல் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் சேர்ந்திருக்கின்றன. அவற்றை ஃபைண்ட்மைபாஸ்ட் 2014-இல் இணையத்தில் ஏற்றியது. பெரம்பூர் ரயில்வே குடியிருப்பிலோ போத்தனூரிலோ வேர்விட்ட ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்துக்கு இந்தச் சந்தா தகும், தயங்காமல் சொல்லலாம். அதற்கும் முன்னால், பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்காக 1998-இல் தோன்றிய ஃபிபிஸ் சங்கத்தின் இலவசத் தரவுத்தளத்தைப் பார்த்துவிடுவது நல்லது. அடுத்தது, கடல் கடந்து பிரிட்டன் போனவர்கள். பாரிஸ்டர் படிக்கவும் மருத்துவம் படிக்கவும் கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கப்பலேறியவர்களின் பெயர், வயது, தொழில், தங்கப்போகும் முகவரி எல்லாம் பயணிகள் பட்டியலில் இருக்கும். 1878 முதல் 1960 வரை பிரிட்டனுக்கு வந்தோர் பட்டியலை ஆன்செஸ்ட்ரியும், 1890 முதல் 1960 வரை அங்கிருந்து புறப்பட்டோர் பட்டியலை ஃபைண்ட்மைபாஸ்டும் வைத்திருக்கின்றன. யாழ்ப்பாணத்துக்கு இன்னும் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளின் 1813–1834 கால அடிமைப் பதிவேடுகள் ஆன்செஸ்ட்ரியில் இருக்கின்றன. அவற்றில் இலங்கையும் அடக்கம். பெரிய வீட்டு வம்சாவளிகளில் இடம்பெறாத பெயர்கள் அங்கே இருக்கின்றன.

ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கதை வேறு. தமிழர் குடும்ப வரலாற்றில் ஆவண வளம் மிகுந்த பகுதி இதுதான். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகம் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை நட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண். அதன் எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடலில் உள்ள தழும்பு, மச்சம் வரை எழுதினார்கள். ஓடிப்போனால் பிடித்து வருவதற்காக எழுதிய எழுத்து, நான்கு தலைமுறை தாண்டிச் சொந்த ஊரைக் காட்டிக்கொடுக்கிறது. அதே காலத்தில் ஊரிலேயே இருந்துவிட்ட அண்ணன் தம்பியைப் பற்றி இதில் பத்தில் ஒரு பங்கு விவரம்கூடக் கிடைப்பதில்லை. இந்தக் கப்பல் பட்டியல்களைப் பொதுப் பார்வைக்கு வைத்தது குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம். எந்தச் சந்தா நிறுவனமும் அல்ல. மொரீஷியசில் ஒருபடி மேலே போய், குடியேறியவர்களைப் புகைப்படமும் எடுத்தார்கள். அந்த ஏடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன; 2015-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டிலும் இடம்பெற்றன. ஃபிஜிக்கு 1903 முதல் சென்னை வழியாகப் போனவர்களின் குடியேற்றச் சீட்டுகள் அந்நாட்டுத் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. நட்டால், மொரீஷியஸ், ஃபிஜி வழிவந்தவர்கள் ஆண்டுச் சந்தா கட்டுவதற்கு முன் இந்த நிறுவனங்களுக்கு ஒரு கடிதம் எழுதுவது மேல்.

இலங்கை மலையகத்துக்கும் மலாயாவுக்கும் போனவர்களிடம் இதே நம்பிக்கையைச் சொல்ல முடியாது. அங்கே ஆள் சேர்த்தவர் கங்காணி. கூட்டமாகக் கூட்டிப்போய்த் தோட்டத்தில் பேர் போட்டார். அரசுக்குத் தலைக்கணக்கு வேண்டியிருந்ததே தவிர, ஒவ்வொருவரின் ஊரும் தந்தை பெயரும் வேண்டியிருக்கவில்லை. பெயர் இருந்தால் செக்ரோல் எனும் தோட்டத்து ஆள்கணக்கு ஏட்டில் இருக்கும். அல்லது 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இலங்கைக் குடியுரிமை கேட்டுப் போட்ட மனுக்களில் இருக்கும். இந்திய–இலங்கை அரசுகளின் 1964 ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டையில் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையில் மாண்ட நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்குத் தான்பியூசயாத்திலும் காஞ்சனபுரியிலும் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. அதே பாதையில் மாண்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களுக்கு அப்படிப்பட்ட கல்லறைகளோ முழுமையான பெயர்ப் பட்டியலோ கிடையாது. எத்தனை நூறு கோடிப் பதிவு வைத்திருந்தாலும், எழுதப்படாத பெயரை எந்தத் தளமும் தர முடியாது.

ஏடு இருந்தாலும் தேடும் பெட்டி நமக்கு ஒத்துவருமா என்பது அடுத்த சிக்கல். அந்தப் படிவம் குடும்பப் பெயரைக் கேட்கிறது. நம்மவரில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று இல்லை. தந்தை பெயர் முதலெழுத்தாக வருகிறது, அடுத்த தலைமுறையில் அது மறைந்துவிடுகிறது. ஒலி ஒத்த பெயர்களைச் சேர்த்துக் காட்டுவதற்காக அமெரிக்காவில் 1918-இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறை, பெயரின் முதல் ஆங்கில எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். கோவிந்தசாமி என்ற பெயரைக் குமாஸ்தா ‘ஜி’ போட்டு எழுதியிருக்கலாம், ‘கே’ போட்டும் எழுதியிருக்கலாம். அந்த முறைக்கு இருவரும் வேறு வேறு ஆட்கள். இன்றைய தளங்களில் இதைவிட நுட்பமான வழிகள் உண்டென்றாலும், அவையும் பெரும்பாலும் ஸ்மித்துகளையும் ஷ்மிட்டுகளையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவையே. ஆகவே பெயரைத் தட்டிப் பார்த்து ‘இல்லை’ என்று வந்ததும் சோர்ந்துவிட வேண்டாம். ஊர், ஆண்டு, கப்பல் பெயர் வழியாகப் போய்ப் பட்டியலைப் பக்கம் பக்கமாகப் புரட்ட இடம் தருகிற தளமே நமக்கு உதவும்.

எதிர்வாதங்கள் இருக்கின்றன. தூரத்துச் சொந்தங்கள் ஏற்றிய குடும்ப மரங்கள் கட்டணத் தளங்களில் கிடைக்குமே என்பார்கள். கிடைக்கும். ஆனால் ஒருவர் தவறாகப் போட்ட கொடிவழியை நாற்பது பேர் நகலெடுத்தால் அது நாற்பது சாட்சி ஆகிவிடாது. அந்த மரத்தின் ஒவ்வொரு கிளைக்கும் ஆவணம் காட்டியிருந்தால் எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அது வெறும் துப்பு. சேர்த்து விற்கிற மரபணுச் சோதனைக்கும் இதே எச்சரிக்கைதான்: மாமன் மகளையும் அத்தை மகனையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவந்த சமூகங்களில், தூரத்து உறவையும் நெருங்கிய உறவாகக் காட்டிவிடும்.

இலவசம் என்கிற ஃபேமிலிசர்ச்சை நடத்துவது மார்மன் திருச்சபை ஆயிற்றே என்பது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்வி. 1894-இல் அந்தச் சபையினர் தொடங்கிய வம்சாவளிச் சங்கம், 1938 முதல் உலகெங்கும் ஏடுகளை நுண்படச் சுருளில் எடுத்தது. 24 லட்சம் சுருள்களைக் கணினிமயமாக்கும் வேலை 2021-இல் முடிந்தது. இறந்த முன்னோருக்குப் பதிலாள் வைத்து ஞானஸ்நானம் செய்வது அவர்கள் நம்பிக்கை. அதற்கு எதிர்ப்பு எழுந்து, 1995-இல் யூத அமைப்புகளுடன் ஓர் உடன்பாடே செய்துகொண்டார்கள். இது பிடிக்காதவர்கள் தம் குடும்ப மரத்தை அங்கே ஏற்றாமல், ஏடுகளை மட்டும் பார்த்துவிட்டு வரலாம். கொழும்பு மாவட்ட டச்சு சீர்திருத்தச் சபையின் 1677 முதலான பதிவுகள் அங்கே காசில்லாமல் கிடைக்கும்போது அதை விடுவானேன்?

சந்தாப் பணம்தானே பழைய ஏடுகளைக் கணினியில் ஏற்றும் செலவைத் தாங்குகிறது என்ற வாதம் இவற்றில் வலுவானது. உண்மைதான், இங்கிலாந்து, வேல்ஸின் 1921 கணக்கெடுப்பை ஃபைண்ட்மைபாஸ்ட் முதலீடு செய்துதான் 2022-இல் வெளியிட்டது. ஆனால் லாபம் பார்க்கும் முதலீடு சந்தாதாரர் அதிகமுள்ள நாட்டு ஏடுகளைத் தேடித்தான் போகும். நம் கல்வெட்டு எனப்படும் யாழ்ப்பாணத்து நினைவு மலர்களை, அவற்றில் வரும் வம்ச விவரங்களோடு சேர்த்து இணையத்தில் ஏற்றிவருவது 2005-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டம். தமிழக வேளாண் குடும்பங்களின் ஏடுகளைப் பதிவு செய்தது புதுச்சேரியின் பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்ட உதவியோடு. ஆதரிக்க நினைக்கிறவர்களின் பணம் அங்கே போகலாம்.

பணம் கட்டத்தான் வேண்டும் என்று முடிவானால், முதலில் தளத்தின் பதிவுத்தொகுப்புப் பட்டியலில் ஊர்ப் பெயரையும் நாட்டுப் பெயரையும் போட்டுப் பாருங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. வேண்டிய தொகுப்பு எந்த அடுக்குச் சந்தாவில் வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மலிவான அடுக்கில் பெரும்பாலும் ஒரு நாட்டு ஏடுகள் மட்டுமே இருக்கும். தேடவேண்டிய பெயர்களை எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு மாதம் மட்டும் கட்டி, கிடைத்த படங்களை உங்கள் கணினியிலேயே இறக்கி வையுங்கள். இலவச முன்னோட்டம் என்பது அட்டை எண்ணைக் கொடுத்த பிறகுதான் திறக்கும்; நிறுத்தாவிட்டால் தானே புதுப்பித்துக்கொள்ளும். இந்திய அட்டையாக இருந்தால் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு வங்கி தகவல் அனுப்பியாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தக் குறுஞ்செய்தியை அலட்சியப்படுத்தாதீர்கள். ஃபேமிலிசர்ச் மையங்களிலும் பிரிட்டனின் பல பொது நூலகங்களிலும் இதே கட்டணத் தளங்களை உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கலாம். வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் அவர்களிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லலாம்.

ஊரைவிட்டுப் போகாத குடும்பங்களுக்கு இந்த மூன்று சந்தாக்களில் எதுவும் இன்று தேவையில்லை. அவர்கள் பாட்டனாரின் பெயர் இருப்பது நிலவரித் திட்டப் பதிவேட்டிலும், மானிய நிலங்களைக் குறித்த 1860-களின் இனாம் பதிவேட்டிலும், நகரத்தார் என்றால் ஒன்பது கோயில்களில் குடும்பங்களை எண்ணும் புள்ளிக் கணக்கிலும்தான். பட்டா விவரத்தையும் இன்றைய ‘அ’ பதிவேட்டையும் கைப்பேசியில் பார்க்க வழிசெய்திருக்கும் தமிழ்நாடு அரசு, பழைய நிலவரித் திட்ட ஏடுகளையும் இனாம் ஏடுகளையும் ஊர்வாரியாக இணையத்தில் ஏற்ற வேண்டும். அதற்கு ஒரு கட்டணம் வைத்தாலும் கட்டுவதற்கு ஆள் இருக்கிறது.