கால்பந்துக்குள் கார்பன்

கால்பந்தின் தையலை எண்ணிப் பார்த்ததுண்டா? கறுப்பு ஐங்கோணம் 12, வெள்ளை அறுகோணம் 20, தையல்கள் கூடும் முனைகள் 60. முனைக்கு ஒரு கார்பன் அணு வைத்தால் அதுதான் ஃபுல்லரீன். 1985-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி குழுவினர் கண்டறிந்தது. 1996-இல் நோபல் பரிசும் வந்தது.

சரி, அதே 60 அணுக்களை ஐங்கோணம், அறுகோணம் மட்டுமே கொண்ட கூண்டாக மொத்தம் எத்தனை விதமாகப் பின்னலாம்? அணுவைப் புள்ளியாக, பிணைப்பைக் கோடாகக் கொள்ளும் கோட்டுருவியல் வழியில் கணினி எண்ணிச் சொன்னது: 1812! கையால் வரைந்து மாளுமா? எப்படிப் பின்னினாலும் ஐங்கோணம் 12தான், கூடாது, குறையாது. இந்த 1812-இல் ஐங்கோணங்கள் ஒன்றையொன்று தொடாத கூண்டு, கால்பந்து மட்டுமே. ஒட்டிக்கொண்டால் அணுக்களுக்கு இறுக்கம் அதிகம். இப்படித் தொடாமல் அமையும் அடுத்த கூண்டுக்கு 70 அணுக்கள் வேண்டும்.