கூலி மட்டும் போதுமா?

மாலையில் பணி முடிந்து வீடு திரும்பும் தந்தை எவருடனும் பேசாது ஒரு மூலையில் அமர்ந்துவிடுகிறார். மாதந்தோறும் சம்பளம் தவறாது வருகிறது. ஆயினும் முகத்தில் மலர்ச்சியில்லை. “வேலைக் களைப்பு” என்கிறோம். களைத்திருப்பது உடல் மட்டுந்தானா?

அமெரிக்க உளவியல் அறிஞர் எட்வர்ட் டெசி 1971-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று சிந்திக்கத் தக்கது. ஏழு துண்டுகளைப் பொருத்திப் பல வடிவங்கள் அமைக்கும் புதிரைக் கல்லூரி மாணவர் சிலரிடம் அவர் கொடுத்தார். அவர்களுள் ஒரு பிரிவினருக்கு மட்டும் இரண்டாம் முறை, தீர்த்த புதிர் ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர் அளித்தார். மூன்றாம் முறை அதை நிறுத்தினார். ஒவ்வொரு முறையும் சற்று நேரம் வெளியே சென்று, மாணவர் தம் விருப்பம்போல் பொழுது கழிக்க விட்டார். பணம் பெற்றவர்கள், அது நின்றதும், முதல் முறையைவிடக் குறைந்த நேரமே புதிரில் ஈடுபட்டனர். வேறொரு சோதனையில், பணத்திற்குப் பதில் பாராட்டுச் சொல் பெற்றவரிடமோ ஆர்வம் குன்றவில்லை.

பின்னர் டெசியும் ரிச்சர்ட் ரயன் என்பவரும் மனித மனத்துக்கு இன்றியமையாத மூன்று தேவைகளை வகுத்துரைத்தனர். செய்வதைத் தானே மனமுவந்து செய்யும் உரிமை. தன்னால் திறம்படச் செய்ய இயலும் என்னும் நிறைவு. தன்னைப் பொருட்படுத்தும் மனிதரோடு உறவு. இம்மூன்றும் வாடும் இடத்தில் ஊக்கம் குன்றுகிறது, உள்ளமும் நலிகிறது. அந்த நலிவே வீட்டு வாயில்வரை தொடர்ந்து வருகிறது.

இதைக் கூலியைக் குறைப்பதற்குச் சாக்காகக் கொள்ளலாகாது. நியாயமான ஊதியம் பணியாளரின் உரிமை. வயிறு நிறையாதவரிடம் மனநிறைவைப் பற்றிப் பேசுவது கொடுமையன்றோ? கூலி கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று எண்ணுவதே தவறு.

நம்மில் பலர் வேலை செய்பவர்கள். சிலர் வேலை வாங்குபவர்கள். பட்டறையில் தொழில் பழகும் இளைஞனிடம், “இதை எப்படிச் செய்யலாம், தம்பி?” என்று ஒருநாளேனும் கேட்டதுண்டா? அவன் பிழையைப் பலர்முன் இடித்துரைக்கும் நாம், அவன் திறமையைப் பலர்முன் பாராட்டியதுண்டா? நம் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று அறிவோமா? இவற்றுக்குப் பணச்செலவு இல்லை, மனம் வேண்டும்.

வீட்டாருக்கும் இதில் பங்குண்டு. இன்று மாலை தந்தை வாயிற்படி ஏறும்போது, “சம்பளம் வந்ததா?” என்பதற்கு முன், “இன்று என்ன வேலை செய்தீர்கள், அப்பா?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லத் தொடங்கினால், இடைமறியாது கேளுங்கள்.